கைபேசிச் செயலியில் படத்தை அது நோக்கும் திசையில் நகர்த்துதல்

கைபேசி விளையாட்டுகளிலும் வரைபடச் செயலிகளிலும் ஒரு வண்டி, அம்பு அல்லது மீனின் படம் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கமாகவே நகர வேண்டும். இதற்குப் படத்துக்கு ஒரு திசைக்கோணமும் ஒரு வேகமும் தரப்படுகின்றன. ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கி இடவலமாகவும், சைனால் பெருக்கி மேல்கீழாகவும் படம் நகர்த்தப்படுகிறது. பள்ளிக் கணக்கில் மேலே போனால் ஒய் கூடும். திரையிலோ கீழே வந்தால்தான் ஒய் கூடும். ஆகவே சைனுக்கு முன் கழித்தல் குறி வேண்டும். ஜாவா, கோட்லின் மொழிகளில் எழுதுவோர் பாகையை ரேடியனாக மாற்றிய பிறகே சைன், கொசைன் காண வேண்டும்.

மாணவர்கள் இதை எளிதாகச் செய்து பார்க்க ஆப் இன்வென்டர் உதவும். 2010-இல் கூகுள் வெளியிட்ட இந்த இலவசக் கருவி 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யின் பொறுப்பில் உள்ளது. இதில் கேன்வாஸ் என்னும் பரப்பின் மேல் இமேஜ் ஸ்பிரைட் என்னும் நகரும் படத்தை வைக்கலாம். ஹெடிங் என்பது அதன் திசை. ஸ்பீடு என்பது ஒரு தடவைக்கு எத்தனை புள்ளி நகரும் என்பது. இன்டர்வல் என்பது எத்தனை மில்லிநொடிக்கு ஒரு தடவை என்பது. வேகம் 10, இடைவெளி 100 என்றால் நொடிக்கு 100 புள்ளி. கணக்கைக் கருவியே போட்டுக்கொள்ளும்.

ஆனால் படத்தின் முகம் எந்தப் பக்கம் என்பது கருவிக்குத் தெரியாது. ஹெடிங் 0 என்றால் வலப்பக்கம். எனவே மூலப்படமும் வலப்பக்கம் பார்த்து வரையப்பட்டிருக்க வேண்டும். மேல்நோக்கி வரைந்த ஆட்டோவின் படத்தைப் போட்டால் அது நண்டு போலப் பக்கவாட்டில் ஊரும். படத்தை முதலிலேயே வலப்பக்கம் திருப்பிச் சேமிப்பதே சுலபமான வழி. பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைந்த வண்டிக்கு வேறொரு தொல்லை உண்டு: 180 பாகை திரும்பியதும் சக்கரங்கள் வானத்தைப் பார்க்கும். சுழற்சியை அணைத்துவிட்டு, இடப்பக்கம் செல்லும்போது கண்ணாடிப் பிம்பமான இன்னொரு படத்தைக் காட்டலாம். வரைபடத்துக்கு, மேலிருந்து பார்த்து வரைந்த படமே பொருத்தம்.

மிகவும் ஏமாற்றும் பிழை பாகை எண்ணும் முறையில் இருக்கிறது. திசைகாட்டியில் வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. எண்கள் கடிகாரச் சுற்றில் கூடும். கைபேசி உணரி தரும் அசிமுத்தும் இப்படித்தான். ஆப் இன்வென்டரின் ஹெடிங்கோ வலப்பக்கத்தில் தொடங்கி எதிர்ச்சுற்றில் கூடும்: மேலே 90, இடப்பக்கம் 180, கீழே 270. ஸ்கிராட்ச் பழகி வருவோரும் இங்கே தடுமாறுவர். அதில் மேல்நோக்கு 0, வலப்பக்கம் 90.

தென்காசி வட்டார வரைபடத்தை வடக்கு மேலே இருக்குமாறு கேன்வாஸில் வைத்து, தென்காசியில் ஓர் ஆட்டோ படத்தை நிறுத்துவதாகக் கொள்வோம். குற்றாலம் தென்மேற்கே ஏறக்குறைய 5 கி.மீ. தொலைவில் உள்ளது. துல்லியமாக அளந்தால் சற்று மேற்கே சாய்ந்திருக்கும். பயிற்சிக்கு நேர் தென்மேற்கு என்றே கொள்ளலாம். திசைகாட்டியில் அது 225. அந்த எண்ணை அப்படியே ஹெடிங்கில் இட்டால் ஆட்டோ ஒழுங்காக அருவிப் பக்கம் போகும். பிழை இருப்பதே தெரியாது! காரணம், தென்மேற்கும் வடகிழக்கும் மட்டும் இரு முறைகளிலும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. வடக்கே கடையநல்லூர்ப் பக்கம் அனுப்ப 0 கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். ஆட்டோ கிழக்கே ஓடும். சாரல் காலத்தில் வெளியூர்க்காரர் நம்பும் செயலியில் இப்படி நேர்ந்தால் அலைச்சல்தான்.

திருத்தம் ஒரு வரியில் முடியும்: 450-இலிருந்து திசைகாட்டி எண்ணைக் கழிக்க வேண்டும், விடை 360 அல்லது அதற்கு மேல் வந்தால் 360-ஐக் கழிக்க வேண்டும். வடக்கு 90 ஆகும், கிழக்கு 0 ஆகும், 225 மட்டும் 225 ஆகவே நிற்கும். சேருமிடம் திரையிலேயே ஒரு படமாக இருந்தால் பாகையே வேண்டாம். பாயின்ட் டுவர்ட்ஸ் என்னும் கட்டளை ஆட்டோவை அதை நோக்கித் திருப்பிவிடும்.

உண்மையான ஜி.பி.எஸ். தரவைப் பயன்படுத்தும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆன்ட்ராய்டு தரும் பயணத்திசை, வண்டி நகரும்போதுதான் பொருளுள்ளது. ஆட்டோ சந்திப்பில் நின்றுவிட்டால் கடைசியாகக் கிடைத்த நல்ல திசையையே வைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் நிற்கும் வண்டியின் படம் திரையில் கண்டபடி சுற்றும்.