சரக்கு வண்டிக்கு ஏற்ற போர்வை

திருப்பூரில் ஒரு பனியன், பிறந்த இடத்திலேயே வளர்ந்து முழுமை பெறுவதில்லை. நூல் ஓரிடத்தில் பின்னப்படுகிறது. பின்னிய துணி மற்றோரிடத்தில் வெளுக்கப்பட்டுச் சாயம் ஏறுகிறது. வேறோரிடத்தில் சுருக்கம் நீங்கி அளவு நிலைபெறுகிறது. அதன் பின்னரே வெட்டுதலும் தைத்தலும் நிகழ்கின்றன. இவ்விடங்களையெல்லாம் இணைப்பவை சிறிய சரக்கு வண்டிகள். 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டி வெளிவந்தது. நம் மக்கள் அதற்குச் 'சின்ன யானை' என்று பெயரிட்டனர். கடன் பெற்று இத்தகைய வண்டி ஒன்றை வாங்கி, அதன் வாடகையைக் கொண்டே வாழும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல. உங்களுள் சிலருடைய இல்லங்களிலும் அத்தகைய வண்டி இருக்கலாம்.

அவ்வண்டியின் பின்தட்டு திறந்தே இருப்பது. ஏற்றிய வெள்ளைத் துணியில் சேற்று நீர் பட்டுக் கறை படிந்தால், அன்றைய வாடகையைப்போல் பன்மடங்கு இழப்பு வண்டிக்காரர் தலையில் விழக்கூடும். ஆதலின் பின்தட்டை மூடும் போர்வையைத் தேர்ந்தெடுப்பது சிறு செயல் அன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் காக்கும் செயலாகும். அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இன்று ஆராய்வோம்.

இப்போர்வையைத் தார்ப்பாய் என்கிறோம்; படுதா என்பாரும் உளர். கப்பலோட்டிகள் கித்தான் துணியில் தார் பூசி மழையைத் தடுத்த காலத்தில் எழுந்தது 'டார்ப்பாலின்' என்னும் ஆங்கிலப் பெயர். அது நம் நாவில் தார்ப்பாய் ஆயிற்று. பாய் என்னும் சொல் நம் மொழியில் விரிப்பையும் குறிக்கும், கப்பற்பாயையும் குறிக்கும். எனவே அப்பெயர் நமக்கு அயலாகத் தோன்றவில்லை.

இன்று கிடைக்கும் தார்ப்பாய்களை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பருத்திக் கித்தான். நெருக்கமாக நெய்து, மெழுகு போன்ற பொருள்களைப் பூசியது. பருத்தி இழை நனைந்தால் பருக்கும். பருத்த இழைகள் நெசவின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஆகவே நனைந்த கித்தான் முன்னினும் நன்றாக நீரைத் தடுக்கிறது. நீராவி வெளியேறவும் அது ஓரளவு இடந்தரும். ஆனால் கனமானது, ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மட்கிவிடும்.

இரண்டாவது, பாலித்தீன் தார்ப்பாய். பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராமல் கண்டறியப்பட்டது. 1953இல் கார்ல் சீக்ளர் என்னும் ஜெர்மானிய அறிஞர், குறைந்த அழுத்தத்தில் உறுதியான பாலித்தீனைச் செய்யும் வழியைக் கண்டார். 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த உறுதியான வகையை நாடாக்களாக்கி நெய்து, இருபுறமும் மெல்லிய படலம் ஒட்டினால் இத்தார்ப்பாய் கிடைக்கும். எடை குறைவு, விலையும் குறைவு, நீர் புகாது. ஆனால் சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். நாளடைவில் அது நொறுங்கி உதிரும். அக்கதிரைத் தாங்கும் பொருள் கலந்ததா என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசியது. இதன் இணைப்புகளை ஊசியால் தைக்காமல் வெப்பத்தால் ஒட்டலாம்; எனவே தையல் துளை வழியே நீர் கசியாது. உழைப்புக்கு அஞ்சாதது, ஆனால் விலையும் எடையும் மிகுதி.

எடையைக் கணக்கிடத் திருப்பூர் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. பனியன் துணிக்கு வழங்கும் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை கிராமில், தார்ப்பாய்க்கும் அளவாகும். பின்தட்டின் நீளம் 2.2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், சரக்கின் உயரம் 1 மீட்டர் எனக் கொள்வோம். நாற்புறமும் தொங்கி மூட வேண்டுமாதலால், நீளத்தோடும் அகலத்தோடும் இருமடங்கு உயரத்தைக் கூட்டுக: 4.2க்கு 3.5 மீட்டர், பரப்பு 14.7 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் ஏறத்தாழ 3 கிலோ, 600 ஜி.எஸ்.எம். ஆயின் ஏறத்தாழ 9 கிலோ. நாள்தோறும் தனியொருவர் பலமுறை விரித்துச் சுருட்ட வேண்டுமெனில் இவ்வேறுபாடு பெரிது.

இனி, நீரைத் தடுப்பதே நல்ல போர்வையின் முழு இலக்கணம் என்று எண்ணிவிடலாகாது. உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடாகவோ சிறிது ஈரமாகவோ வந்த துணியை உடனே பாலித்தீனால் இறுக மூடினால், உள்ளிருந்து எழும் நீராவி குளிர்ந்த போர்வையின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து துணிமேல் சொட்டும். மழை இல்லாமலே சரக்கு நனையும்! எனவே துணியைச் சற்று ஆறவிட்டு மூடுதல் நன்று. இரும்பு வளைவுகளால் கூண்டு அமைத்துப் போர்வைக்கும் சரக்குக்கும் இடைவெளி விடுதல் அதனினும் நன்று.

கூண்டால் இன்னொரு நன்மையும் உண்டு. தட்டையாகக் கட்டிய போர்வை குழிந்து, 2 சதுர மீட்டரில் சராசரி 2 சென்டிமீட்டர் ஆழம் நீர் தேங்கினால், அதன் எடை 40 கிலோ! வளைந்த கூண்டின்மேல் நீர் தேங்காமல் வழிந்தோடும்.

காற்றையும் நினைக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இவ்வட்டாரத்தில் மழையைவிடப் புழுதியையே மிகுதியாகத் தரும். ஓடும் வண்டியின் மேல் விரைந்து செல்லும் காற்றின் அழுத்தம் குறைவதால், போர்வை மேலெழும்பிப் படபடக்கும், உராய்ந்து கிழியும். கயிறு கோக்கும் வளையங்கள் நெருக்கமாகவும், ஓரங்கள் இருமடிப்பாகவும் உள்ளனவா என்று பார்த்து வாங்குக. இரு போர்வைகளை இணைக்கும்போது முன்னது பின்னதன்மேல் படிதல் வேண்டும். அப்போது எதிர்காற்று இடுக்கில் நுழையாது.

கடையிலேயே செய்யத்தக்க சோதனைகள் இரண்டு. போர்வையைச் சூரிய ஒளிக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளையும் புலப்படும். வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி அதன்மேல் அழுத்தித் தேய்த்தால் சாயமோ மெழுகோ ஒட்டுகிறதா என்பது விளங்கும். கறையைத் தடுக்க வாங்கிய போர்வையே கறை தருமாயின் பயன் என்ன?

ஆகவே, விலையை முதலில் கேளாதீர்கள். ஏற்றும் சரக்கு எத்தகையது, வெயிலும் காற்றும் எவ்வளவு, விரித்துக் கட்டுபவர் யார் என்று முதலில் கேளுங்கள். ஆயத்தத் துணியை நாள்தோறும் ஏற்றுவோர்க்குக் கூண்டும் பி.வி.சி. போர்வையும் ஏற்றவை, எப்போதாவது ஏற்றுவோர்க்குப் பாலித்தீன் போதும், ஈரப்பதமுள்ள சரக்குக்குக் கித்தான் பொருந்தும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே உங்கள் வீட்டு வண்டியின் தட்டை நீங்களே அளந்து, மேற்கூறிய கணக்கைப் போட்டுத் தந்தையாரிடம் கொடுங்கள். வகுப்பில் கற்ற பரப்பளவு அன்று உங்கள் வீட்டுக்கு உழைக்கும்.