ஈரலும் குளிசையும் முசுமுசுக்கையும்

தோட்டம் கொத்தி மேல்வலி வந்தால் இரண்டு பரசிற்றமோல். தடிமன் காய்ச்சலுக்கும் இரண்டு. நம் வீடுகளில் இது வழக்கமாகிவிட்டது. முசுமுசுக்கை குடித்தால் குளிசையின் தாக்கம் ஈரலைத் தொடாது என்று சொல்வோரும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்ப்போம்.

நாம் விழுங்கும் பரசிற்றமோலை மாற்றி வெளியேற்றுவது ஈரலின் வேலை. அப்போது அதில் ஒரு சிறு பங்கு நஞ்சாகிறது. ஈரலில் உள்ள குளுதாதயோன் என்ற பொருள் அந்த நஞ்சைப் பிடித்து அடக்கிவிடும். குளிசை அளவு மிஞ்சினால் குளுதாதயோன் தீர்ந்துபோகும். நஞ்சு ஈரற் கலங்களை அழிக்கத் தொடங்கும். பல நாள் அரைவயிற்றோடு இருப்பவர்களுக்கும் தினமும் மது அருந்துபவர்களுக்கும் இந்தக் கையிருப்பு முன்னரே குறைவு.

இலைகுழைகளில் உள்ள ஒட்சியேற்ற எதிரிகள் இத்தகைய அழிவைத் தணிக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. 1989 இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், காபன் நாற்குளோரைட்டினால் ஈரல் பழுதான எலிகளுக்கு முசுமுசுக்கைச் சாறு பயன் தந்தது. ஆனால் எலிக்கு அளந்து கொடுத்த சாறு வேறு, நாம் அம்மியில் அரைக்கும் ஒரு பிடி இலை வேறு. முசுமுசுக்கையை வறையாக உண்பது நல்லதே. அதை நம்பிக் குளிசையைக் கூட்டுவதுதான் ஆபத்து. செறிவாக்கிய மூலிகைச் சத்துகளிலும் கவனம் வேண்டும்: 2019 இல் இத்தாலியில் மஞ்சட்சத்து மாத்திரைகளை எடுத்தவர்கள் பலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டது. கறிமஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படக்கூடாது. மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. தடிமன் மருந்துகள் பலவற்றிலும் இதே பரசிற்றமோல் உண்டு, அதையும் சேர்த்தே எண்ணுங்கள். அளவு மிஞ்சிவிட்டால், சுகமாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். மாற்றுமருந்து எட்டு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் பெரும்பாலும் ஈரலைக் காப்பாற்றலாம். பச்சிலை அரைத்துக் கொடுத்துப் பொறுத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

காசநோய்க் குளிசைகளும் சிலரின் ஈரலைத் தாக்கும். வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளித்தல், சிறுநீர் கடுநிறமாதல் கண்டால் அன்றே சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அங்கேதான் தீர்மானிக்க வேண்டும். கீழ்க்காய்நெல்லியோ வேறு மூலிகையோ குடித்துவந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.