உருவகப்படுத்தல்

உருவகப்படுத்தல் அல்லது ஒப்புருவாக்கம் (சிமுலேசன்) என்பது உண்மையான ஓர் அமைப்பைப் போலவே இயங்கும் மாதிரியை உருவாக்கி, அதில் சோதனை செய்து பார்ப்பதாகும். நேரடியாகச் செய்து பார்ப்பது ஆபத்தானதாகவோ, செலவு மிக்கதாகவோ, நெடுங்காலம் பிடிப்பதாகவோ இருக்கும்போது இம்முறை பயன்படுகிறது.

சொற்பொருள்

'ஒத்த' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து சிமுலேசன் என்ற சொல் வந்தது. மாதிரி என்பது விதிகளின் தொகுப்பு. அதைக் காலப்போக்கில் இயக்கிப் பார்ப்பதே உருவகப்படுத்தல்.

பயன்கள்

1929-இல் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிக் கருவியில் விமானிகள் தரையிலிருந்தே பறக்கப் பழகினர். 1940-களில் அணு ஆய்வுக்காக மாண்டே கார்லோ முறை உருவானது. இன்று வானிலை, மருத்துவம், போக்குவரத்து, வேளாண்மை ஆகிய துறைகளிலும் இது பயன்படுகிறது.

கரிசல் நிலத்தில்

கோவில்பட்டி வட்டாரத்து மானாவாரிப் பயிர்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ளன. கரிசல் மண் நனைந்துவிட்டால் உழவும் விதைக்கவும் இறங்குவது கடினம். எனவே மழைக்கு முன்பே, செப்டம்பரில், புழுதியில் பருத்தியும் சோளமும் விதைக்கப்படுகின்றன. முந்தினால் சிறுமழையில் முளைத்து, அடுத்த மழை வராமல் காய்ந்துவிடும். பிந்தினால் கடைசிக் கட்டத்தில் ஈரம் போதாது. விதை தவறினால் அந்தப் பருவமே போய்விடும்.

1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், ஒரு விதைப்பு நாளை வயலில் சோதிக்க ஒரு முழுப் பருவம் தேவை. பயிர் மாதிரியில் அதற்குச் சில நிமிடங்கள் போதும். 'டிஎஸ்எஸ்ஏடி' என்ற மென்பொருளில் தினசரி மழை, வெப்பநிலை, சூரியக் கதிர்வீச்சு, மண் அடுக்குகளின் தன்மை, பயிர் இரகம், விதைப்பு நாள் ஆகியவை உள்ளிடப்படுகின்றன. பூக்கும் நாள், மண் ஈரம், விளைச்சல் ஆகியவற்றை அது கணக்கிடுகிறது. எடுத்துக்காட்டாக, கடந்த 30 ஆண்டு மழைப் பதிவுகளில் ஒவ்வொரு வாரமும் விதைத்ததாகக் கொண்டு இயக்கினால், எந்த வாரத்தில் இழப்பு அடிக்கடி நேரும் என்பது தெரியும்.

வரம்புகள்

கோடையில் கரிசல் மண் வெடிக்கும். முதல் மழைநீர் வெடிப்புகள் வழியே நேராக ஆழத்துக்கு இறங்கும். மேலடுக்கு நிரம்பிய பிறகே நீர் கீழே வடியும் என்று கொள்ளும் மாதிரிகள் இதைத் தவறவிடக்கூடும். பூச்சித் தாக்குதலும் தனியே சேர்க்காவிட்டால் கணக்கில் வராது. மழை ஊருக்கு ஊர் வேறுபடுவதால், தொலைவிலுள்ள நிலையத்தின் பதிவு போதாது. எனவே மாதிரி தரும் விடையை வயல் சோதனையுடனும் உழவர் அனுபவத்துடனும் ஒப்பிட்ட பின்னரே பரிந்துரையாகக் கொள்ள வேண்டும்.