ஆண்டுக்கு முப்பது டாலர்

1980 வாக்கில், பாஸ்டன் நகரின் டார்செஸ்டர் பகுதியில் உழவர் சந்தை முடிந்த நேரம். சகோதரரின் பண்ணையில் விளைந்து விற்காமல் மிஞ்சிய பழங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார் கஸ் ஷூமாக்கர். ஒரு பெட்டியின் அடி விட்டுப்போக, பேரிக்காய்கள் தெருவோரச் சாக்கடையில் உருண்டன. ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளோடு குனிந்து அவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். அரசின் உணவுக் கூப்பனில் குடும்பம் நடத்துகிற பெண் அவர். பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்றார்.

ஷூமாக்கர் அதை மறக்கவில்லை. பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநில வேளாண் ஆணையர் பதவி கிடைத்ததும், 1986இல், ஏழைத் தாய்மார்கள் உழவர் சந்தையில் காய் கனி வாங்கத் தனிக் கூப்பன் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைப் பத்து மாநிலங்களில் சோதித்துப் பார்க்கப் பணம் ஒதுக்கியது. 1992இல் அது தேசிய அளவில் சட்டமானது.

'விக்' என்று அமெரிக்கத் தாய்மார்கள் சொல்லும் ஊட்டச்சத்துத் திட்டத்தோடு ஒட்டியது இந்தக் கூப்பன். 1972இல் சோதனையாகத் தொடங்கிய விக், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கானது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 185 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இன்று மாதந்தோறும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன் பெறுகிறார்கள். பால், முட்டை, பாலாடைக்கட்டி, தானியம், குழந்தைகளுக்கான பால்மாவு எல்லாம் இதில் உண்டு. ஆனால், நெடுங்காலம் பச்சைக் காய்கறி மட்டும் இல்லை. முழுக்கத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் அம்மாக்களுக்குக் கேரட் கிடைத்தது, அவ்வளவுதான். சத்துணவுத் திட்டம் ஒன்றில் கீரைக்கு இடமில்லாமல் இத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பதை எண்ணும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் குறையில் ஒரு சிறு பகுதியைத்தான் உழவர் சந்தைக் கூப்பன் நிரப்பியது.

கூப்பன் நடக்கும் முறை எளிது. கோடை தொடங்கும்போது விக் அலுவலகத்தில் தாய்க்குக் கூப்பன் தருவார்கள். சந்தையில் பதிவு பெற்ற விவசாயியிடம் அதைக் கொடுத்துக் காய், கனி, கீரை வாங்கிக்கொள்ளலாம். அவர் அதை வங்கியில் போட்டுப் பணமாக்கிக்கொள்வார். மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்து விற்பவர் மட்டுமே என்றால் பதிவு கிடைக்காது. சரக்கும் உள்ளூரில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதனால் வடமாநிலங்களில் வாழைப்பழமோ மாம்பழமோ இந்தக் கூப்பனில் கிடைக்காது. மீதிச் சில்லறையும் தரக் கூடாது. கணக்கு நேராக வேண்டுமானால் இன்னொரு கட்டுக் கீரையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் விவசாயிக்கும் நன்மை இருக்கிறது. அமெரிக்கர் உணவுக்குச் செலவிடும் ஒரு டாலரில் விவசாயிக்குப் போவது ஏறக்குறைய 15, 16 சென்ட்தான் என்று அந்நாட்டு வேளாண் துறையே கணக்கிடுகிறது. சந்தையில் தாய் நீட்டும் கூப்பனோ இடையில் யாரும் பங்கு கேட்காமல் விளைவித்தவர் கைக்கே போகிறது. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரச் சந்தையில் கடை போடுபவர்களில் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹமோங் மக்கள் ஏராளம். அவர்கள் கடைகளில் பாகற்காயும் கொத்தமல்லியும் குவிந்திருக்கும். புலம்பெயர்ந்து வந்த தாய் ஒருவருக்குத் தனக்குச் சமைக்கத் தெரிந்த காய் அங்கே கிடைக்கிறது. அதை விளைவித்தவரும் அவரைப் போலப் புலம்பெயர்ந்து வந்தவர்தான்.

இத்தனை நல்ல ஏற்பாட்டில் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. ஒருவருக்கு மத்திய அரசு தரும் தொகை குறைந்தது 10 டாலர், அதிகபட்சம் 30 டாலர். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. மாநிலம் விரும்பினால் மேலே சேர்க்கலாம். எல்லா மாநிலங்களும் சேர்ப்பதில்லை. முப்பது டாலரைச் சில வாரங்களில் முடித்துவிட்டு, ஆகஸ்டில் தக்காளி மலியும்போது வெறும் கையோடு சந்தையைக் கடந்துபோகிற தாய்க்கு இந்த உதவி எந்த அளவுக்கு உதவி?

தொகை கூடினால் என்ன நடக்கும் என்பது ஊகம் அல்ல. லாஸ் ஏஞ்சலஸில் டேனா ஹெர்மன் குழுவினர் விக் தாய்மார்களுக்கு வாரம் 10 டாலர் வீதம் ஆறு மாதம் காய் கனிக் கூப்பன் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவினர் உழவர் சந்தையிலும், இன்னொரு குழுவினர் சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கினார்கள். இரு குழுவினரும் முன்பைவிட அதிகமாகக் காய் கனி சாப்பிட்டார்கள். கூப்பன் நின்று ஆறு மாதம் கழித்தும் அந்தப் பழக்கம் நீடித்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகு, ஏழைகளுக்குக் காய்கறியின் அருமை தெரியவில்லை என்ற பேச்சை என்னால் பொறுமையாகக் கேட்க முடியவில்லை. குறைவு அவர்கள் கையிருப்பில்தான்.

2009இல் விக் திட்டத்திலேயே காய் கனிக்கு மாதத் தொகை வந்தது. குழந்தைக்கு 6 டாலர், தாய்க்கு 8 டாலர் என்று தொடங்கிய அது, 2024இல் வெளியான விதியில் குழந்தைக்கு 26, கர்ப்பிணிக்கு 47, தாய்ப்பால் கொடுப்பவருக்கு 52 டாலராக உயர்ந்தது. பெரிய முன்னேற்றம். அந்தப் பணத்தை உழவர் சந்தையிலும் ஏற்கலாம் என்று மாநிலங்கள் அனுமதிக்கலாம். ஆனால், 2020 அக்டோபருக்குள் விக் முழுவதும் மின்னணு அட்டைக்கு மாற வேண்டும் என்று சட்டம் சொன்னது. பல்பொருள் அங்காடியின் கல்லாவில் அட்டையைத் தேய்ப்பது சுலபம். மரத்தடியில் மேசை போட்டு விற்கும் விவசாயிக்கு அதற்கான கருவியும் இணைய இணைப்பும் செலவு. மாதத் தொகை கூடிய நேரத்தில் அது சந்தைக்கு வரும் வழி பல இடங்களில் குறுகிப்போனது இப்படித்தான்.

சந்தை நேரமும் இடைஞ்சல்தான். மணிக்கூலி வேலை பார்க்கிற பெண்ணுக்குச் சனிக்கிழமை காலை ஓய்வு நேரம் அல்ல. கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறிப் போவது எல்லோராலும் இயலாது. சில ஊர்களில் தாய்மார்கள் பரிசோதனைக்கு வரும் நாளில் விக் அலுவலக வாசலிலேயே விவசாயிகளை வரவழைத்துக் கடை போட வைக்கிறார்கள். சில மாநிலங்களில் தாயின் கைப்பேசியில் ஒரு க்யூ.ஆர். குறியீடு வந்துவிடுகிறது. விவசாயி தன் கைப்பேசியாலேயே அதைப் படித்துப் பணம் பெறுகிறார், தனிக் கருவி தேவையில்லை. இதே வழியில் மாதத் தொகையையும் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். ஷூமாக்கர் 2017இல் காலமானார். மறு ஆண்டின் வேளாண் சட்டம், வறியவர்கள் காய் கனி வாங்க ஊக்கத்தொகை தரும் வேறொரு திட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் தொடங்கிவைத்த கூப்பனின் முப்பது டாலர் உச்சவரம்பையும் அதே அக்கறையோடு உயர்த்தியிருக்கலாம்.