மண் பூசிக் குளிக்கும் கத்தி!

முகம் பளபளக்க முல்தானி மிட்டி பூசுவது நமக்குத் தெரியும். கத்திக்கு மண் பூசுவது தெரியுமா? ஜப்பானில் ஒசாகாவை ஒட்டியிருக்கும் சகாய் நகரத்துக் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்கிறார்கள்.

சமையல் கத்திகளுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஒருவர் கத்தியை அடிப்பார், இன்னொருவர் சாணை பிடிப்பார், கைப்பிடி போடுவது வேறொருவர். பல கைகள் மாறித்தான் ஒரு கத்தி கடைக்கு வரும். முதல் கை சூடேற்றும்போது தவறு செய்துவிட்டால், அடுத்தடுத்த கைகளின் உழைப்பும் சேர்ந்து வீண். அந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

திருடுவது காற்று!

கத்திக்கான எஃகு என்பது இரும்போடு கொஞ்சம் கார்பன் சேர்ந்தது. சகாய் கொல்லர்கள் விரும்பும் எஃகில், 100 கிராமுக்குச் சுமார் ஒரு கிராம்தான் கார்பன். ஆனால் கத்தியின் கூர்மைக்கு ஆதாரமே அந்தச் சிட்டிகைதான். எஃகை 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, சட்டெனத் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகிறது. நம்மூர்ப் பட்டறைகளில் இதைத் தோய்ச்சல் என்பார்கள்.

அந்தச் சூட்டில் எஃகுக்கு எதிரி, காற்றில் இருக்கும் ஆக்சிஜன். அது இரும்பைத் தின்று கருப்புப் பொருக்காக உதிர்க்கிறது. இதைக் கண்ணால் பார்க்கலாம். கூடவே, மேல்தோலில் இருக்கும் கார்பனையும் உறிஞ்சிவிடுகிறது. இதைப் பார்க்க முடியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கார்பன் போனாலும், கத்தியின் முதுகுப் பக்கம் பெரிய நஷ்டமில்லை. கூர் விளிம்பில்? அந்த இடமே அவ்வளவு மெல்லியதுதானே! பார்க்கப் பளபளப்பாக இருக்கும். தக்காளித் தோலில் வழுக்கும்.

மண் செய்யும் இரண்டு வேலைகள்

களிமண்ணோடு சாணைக்கல் தூளையும் குழைத்து, கத்தியின் மேல் மெல்லியதாகப் பூசிக் காயவைத்த பிறகே உலையில் வைக்கிறார்கள். நெருப்பின் நிறத்தை வைத்தே சூட்டைக் கணிக்க வேண்டும் என்பதால், அந்த நேரம் பட்டறையை இருட்டாக்கிவிடுவதும் உண்டு.

மண் பூச்சு காற்றைத் தடுக்கிறது. இது முதல் வேலை. இரண்டாவது வேலை தண்ணீருக்குள் நடக்கிறது. பழுத்த எஃகை அப்படியே நீரில் முக்கினால், அதைச் சுற்றி நீராவி ஒரு போர்வைபோல ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓர் இடம் சீக்கிரம் ஆறும், ஓர் இடம் தாமதமாகும், கத்தி கோணிக்கொள்ளும். சொரசொரப்பான மெல்லிய மண் அந்த ஆவிப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. எனவே, மண் பூசிய கத்திதான் வேகமாகவும் சீராகவும் ஆறுகிறது!

ஜப்பானிய வாளிலும் இதே உத்திதான். முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் மண் பூசுவார்கள். விளிம்பு கடினமாகிறது, முதுகு வளைந்துகொடுக்கிறது. வாளில் ஓடும் அந்த அழகிய அலைக்கோடு இப்படி வந்ததுதான்.

துருப்பிடிக்காத எஃகுக்கு 1,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதையும் பல நிமிடங்கள் தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால் சிறு பட்டறைக்காரர்கள் கத்தியை எவர்சில்வர் தகட்டுத்தாளில் பொட்டலம் கட்டி, ஓரங்களை இரண்டு முறை மடித்து மூடுகிறார்கள். உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைப்பவர்களும் உண்டு. அது எரிந்து, மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பெரிய ஆலைகளில் காற்றையே வெளியேற்றிய வெற்றிட உலைகள் இருக்கின்றன.

அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள்

கத்தி கடினமாகிவிட்டதா என்று பார்க்க அரத்தால் உரசுவார்கள். அரம் வழுக்கினால் தேறிவிட்டது, பிடித்தால் தேறவில்லை. ஆனால் மேல்தோல் மட்டும் மென்மையாக இருந்தாலும் அரம் பிடிக்கும். அனுபவசாலிகள் இன்னும் கொஞ்சம் உரசிப் பார்ப்பார்கள். அடியில் நல்ல எஃகு இருக்கும். இதற்காகவே விளிம்பைக் கொஞ்சம் தடிமனாக விட்டு, தோய்ச்சலுக்குப் பிறகு தேய்த்தெடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் புதுக் கத்தி சீக்கிரமே மழுங்குகிறதா? இரண்டு மூன்று தடவை சாணை பிடித்துப் பாருங்கள். மென்மையான தோல் தேய்ந்து, அசல் எஃகு வெளியே வரலாம்.

சாணை பிடிக்கும்போதும் ஒரு கண் இருக்கட்டும். தோய்த்த கத்தி நொறுங்காமல் இருக்க, 150 முதல் 200 டிகிரி வரை இதமாகச் சூடாக்கியிருப்பார்கள். சாணைச் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்து விளிம்பில் நீலம் பாய்ந்தால், சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போச்சு. 'அடிக்கடி தண்ணியில நனைச்சுக்குங்க' என்று சாணைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதேபோல, பால் பாக்கெட்டை அறுக்கவோ பிளாஸ்டிக்கை உருக்கவோ கத்தியை அடுப்பில் காட்டவே கூடாது.

உலையில் அவ்வளவு பொத்திப் பொத்திக் காத்த கூர்மையை, கேஸ் அடுப்பில் ஒரே நிமிடத்தில் தொலைக்கலாமா?