கடல்மேல் ஓடிய கூட்ஸ் வண்டி!

கடலுக்கு நடுவே ரெயில் ஓடியது. தீவுக்குத் தீவு தாவி, பாலத்துக்குப் பாலம் ஏறி, 128 மைல் தூரம் ஓடியது! ஒரே ஒரு புயல் அதை விழுங்கிவிட்டது.

அமெரிக்காவின் தென்கோடியில் இருப்பது புளோரிடா மாநிலம். அதன் கிழக்குக் கடற்கரை ரெயில்வேயின் கதை இது.

ஹென்றி பிளாக்லர் பெரிய எண்ணெய்ச் செல்வர், ராக்பெல்லரின் கூட்டாளி. புளோரிடாவில் ஓட்டல் கட்ட வந்தார். ஓட்டலுக்கு ஆள் வர வேண்டுமே? 1885-ல் ஒரு குட்டி ரெயில்வேயை விலைக்கு வாங்கினார். அதைத் தெற்கே நீட்டிக்கொண்டே போனார். 1896-ல் ரெயில் மியாமியைத் தொட்டது. அப்போது அங்கே இருந்தவர்கள் சில நூறு பேர்தான்!

"பைத்தியக்காரத்தனம்"

மியாமியோடு நின்றிருக்கலாம். ஆனால் பனாமா கால்வாய் வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. கால்வாய்க்கு அருகே உள்ள அமெரிக்கத் துறைமுகம் கீ வெஸ்ட் தீவு. அங்கே ரெயில் போனால் சரக்கு வந்து குவியும் என்று கணக்குப் போட்டார், பிளாக்லர். "பைத்தியக்காரத்தனம்" என்று ஊர் சிரித்தது.

1905-ல் வேலை தொடங்கியது. மறு ஆண்டே புயல். மிதக்கும் வீடுகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். 1909-லும் 1910-லும் மீண்டும் புயல். வேலை நிற்கவில்லை. 1912 ஜனவரி 22-ந் தேதி முதல் ரெயில் கீ வெஸ்ட் போய்ச் சேர்ந்தது. அதில் வந்து இறங்கிய பிளாக்லருக்கு வயது 82. மறு ஆண்டு இறந்தார்.

பனாமாச் சரக்கு எதிர்பார்த்த அளவு வரவில்லை. கைகொடுத்தது கியூபாதான். சரக்கு வண்டிகளை அப்படியே கப்பலுக்குள் தள்ளிவிடுவார்கள். கப்பலின் தளத்திலேயே தண்டவாளம் உண்டு! 90 மைல் கடந்தால் ஹவானா. திரும்பும்போது அன்னாசிப் பழமும் சர்க்கரையும் வரும். மூட்டையை இறக்கி ஏற்றும் கூலி மிச்சம்.

ஆனாலும் கடன் ஏறியது. 1931-ல் கம்பெனி நொடித்தது.

அந்த இரவு

1935 செப்டம்பர் 2-ந் தேதி. தீவுகளில் ரோடு போடும் வேலையில் முன்னாள் போர்வீரர்கள் நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். புயல் நெருங்கியது. அவர்களை மீட்க மியாமியில் இருந்து ரெயில் புறப்பட்டது, மாலை 4 மணிக்கு மேல்தான்! வழியில் தாமதத்துக்கு மேல் தாமதம். இஸ்லமொராடா போய்ச் சேர்ந்தபோது இரவு 8 மணி தாண்டிவிட்டது.

கடல் எழும்பி வந்தது. பெட்டிகள் எல்லாம் உருண்டன. 447-ம் எண் என்ஜின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது.

அந்தப் புயலில் 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாதிக்கு மேல் போர்வீரர்கள். வண்டியைக் காலையிலேயே அனுப்பியிருந்தால்?

மைல் கணக்கில் பாதை அரித்துப் போயிற்று. பாலங்கள் தப்பின. கட்ட 2 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய பாதையை, 6 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு மாநில அரசு வாங்கியது. அந்தப் பாலங்களின் மேலேயே ரோடு போட்டு, 1938-ல் மோட்டார் விட்டார்கள்.

வேலைநிறுத்தம்

எஞ்சிய பாதைக்கு வேறு சோதனை. மணிக்குச் சுமார் 10 சென்ட் கூலி உயர்வு கேட்டு, 1963 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கம்பெனி இணங்கவில்லை. மேலதிகாரிகளை வைத்தே கூட்ஸ் வண்டிகளை ஓட்டியது. 1964-ல் வெடிவைத்து வண்டிகளைக் கவிழ்த்தனர். தகராறு பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தது. முன்பு ஒரு கோடியில் இருந்து மறு கோடி போவதற்குள், ஐந்து ஐந்து பேராக மூன்று கோஷ்டி மாறும். பிறகு இரண்டே பேர்! கம்பெனிக்கு லாபம், வேலை இழந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

ஜாக்சன்வில்லில் இருந்து மியாமி வரை 351 மைல் பாதை இன்றும் சரக்கால்தான் பிழைக்கிறது. மியாமிக்குப் பக்கத்தில் வெட்டும் சுண்ணாம்புக் கல், ரோடு போடவும் கட்டடம் கட்டவும் வடக்கே போகிறது. துறைமுகத்துக் கன்டெய்னர்களும் போகின்றன. 2017-ல் மெக்சிகோ கம்பெனி ஒன்று இதை வாங்கியது. 1968-ல் நின்றுபோன பயணிகள் வண்டிக்குப் பதிலாக, 2018 முதல் வேறொரு கம்பெனியின் வேக ரெயிலும் இதே பாதையில் ஓடுகிறது.

கீ வெஸ்ட் கடைகளுக்கு அரிசியும் மாவும் லாரியில் போகின்றன.