வீடுகளின் வெளிப்புற ஒளிப்படம்: பிளாஷும் பிராக்கெட்டிங்கும்

வீடு, கடை, மனை ஆகியவற்றை விற்கவோ வாடகைக்கு விடவோ எடுக்கப்படும் வெளிப்புறப் படங்கள் ஒளிப்படக்கலையில் ஒரு தனிப்பிரிவாகும். வெயிலில் பளிச்சிடும் வானமும் நிழலில் இருண்டு கிடக்கும் திண்ணையும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இதில் உள்ள முதன்மையான சிக்கல். இதைத் தீர்க்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் பலமுறை எடுத்து ஒன்றாக இணைப்பது பிராக்கெட்டிங் எனப்படும். இருண்ட பகுதிக்குச் செயற்கை ஒளி கொடுப்பது பிளாஷ் முறையாகும். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி போன்ற ஊர்களின் வெயிலையும் வீட்டமைப்பையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவ்விரு முறைகளையும் விளக்குகிறது.

சிக்கலின் அடிப்படை

மனிதக் கண் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குத் திரும்பும்போது தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு சொடுக்கில் ஒரே ஒளியளவைத்தான் அது பதிவு செய்யும். ஒளியளவை ஒளிப்படக்காரர்கள் ‘ஸ்டாப்’ என்ற அலகால் குறிப்பிடுகின்றனர். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்காகும். ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதியாகும்.

ஓட்டு வீடுகளின் தாழ்வாரம் கீழிறங்கி இருப்பதால் திண்ணை எப்போதும் நிழலில் இருக்கும். புதிய மாடி வீடுகளில் போர்டிகோவும் சிட்-அவுட்டும் அவ்வாறே. வெயில் படும் வெள்ளைச் சுவருக்கும் இந்த நிழலுக்கும் இடையே பல ஸ்டாப் வேறுபாடு ஏற்படுகிறது. சுவருக்கு ஏற்ப எடுத்தால் திண்ணை கரும்பள்ளமாகிறது. திண்ணைக்கு ஏற்ப எடுத்தால் சுவரும் வானமும் வெளுத்துப் போகின்றன.

வரலாறு

இந்தச் சிக்கல் ஒளிப்படக்கலையின் தொடக்கத்திலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்பட வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மிகுதியாக வினைபுரிந்ததால், கட்டடம் சரியாகப் பதிவாகும்போது வானம் வெறும் வெள்ளையாகியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1857–58ஆம் ஆண்டுகளில் தஞ்சாவூர், மதுரை, திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட இடங்களின் கோயில்களைப் படமெடுத்தார். அவர் தம் காகித நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டி வெற்று வானத்தை நிரப்பினார். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். இன்றைய பிராக்கெட்டிங்கின் முன்னோடி அதுவே.

பிளாஷ் வரலாற்றில் குறிப்பிடத்தக்கவர் அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்டு எட்ஜர்டன். மின்னணுப் பிளாஷை வளர்த்தெடுத்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது இரவு நேர வான்வழிப் படப்பிடிப்புக்கான மாபெரும் பிளாஷ் கருவியை உருவாக்கினார். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை விமானத்திலிருந்து இரவில் படமெடுத்து அதைச் சோதித்தார். வெளிப்புறத்தில் ஒரு பெரிய அமைப்பை முழுவதும் பிளாஷால் ஒளியூட்ட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்கு அது சான்று.

கணினி வழியே படங்களை இணைக்கும் முறையில் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. 2010இல் ஐபோனில் எச்.டி.ஆர். வசதி வந்தபின் இம்முறை கைப்பேசிக்குள்ளும் நுழைந்தது.

திட்டக்குடியில் வெயிலின் திசை

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் வீட்டு முகப்பு எந்தத் திசையை நோக்கியது என்று பார்க்க வேண்டும். திட்டக்குடி ஏறத்தாழ 11.4 பாகை வட அகலாங்கில் உள்ளது. இதனால் சூரியனின் பாதையை முன்கூட்டியே கணக்கிடலாம்.

கிழக்கு நோக்கிய வீடு: காலை 7 முதல் 9 மணி வரை முகப்பில் நேர் வெயில் விழும். பிளாஷ் பெரும்பாலும் தேவைப்படாது.

மேற்கு நோக்கிய வீடு: மாலை 4 மணிக்கு மேல் நல்ல ஒளி கிடைக்கும்.

வடக்கு நோக்கிய வீடு: செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் பிற்பகுதி வரை சூரியன் நாள் முழுதும் தெற்கில் இருப்பதால் முகப்பில் நேர் வெயிலே படாது. ஏப்ரல் 20 அளவில் தொடங்கி ஆகஸ்ட் 23 அளவு வரை நண்பகலிலும் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். அப்போது வடக்குச் சுவருக்கும் வெயில் கிடைக்கும்.

தெற்கு நோக்கிய வீடு: டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் இருப்பதால் முகப்பு நன்கு ஒளிரும். ஜூன் மாதத்தில் நேர் வெயில் விழாது.

வாஸ்து நம்பிக்கையால் கிழக்கு, வடக்கு வாசல்களுக்கு வரவேற்பு அதிகம். எனவே வடக்கு வாசல் வீட்டைத் தை, மாசி மாதங்களில் படமெடுக்க வேண்டிய நிலை அடிக்கடி வரும். முகப்பு நிழலிலும் வானம் வெளிச்சத்திலும் இருக்கும் இத்தகைய நேரத்தில்தான் பிராக்கெட்டிங் மிகுதியும் கைகொடுக்கிறது.

பிராக்கெட்டிங் செய்யும் முறை

கேமராவை முக்காலியில் நிறுத்தி, துளை அளவையும் ஐ.எஸ்.ஓ. அளவையும் மாற்றாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி எடுக்க வேண்டும். துளையை மாற்றினால் குவியத் தெளிவு படத்துக்குப் படம் மாறும், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் புள்ளிக் குறைகள் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, எஃப்/8 துளை, ஐ.எஸ்.ஓ. 100 என வைத்துக்கொண்டு, நடுத்தர ஒளியளவு 1/125 நொடி என்றால்:

• வானத்துக்கும் வெயில்பட்ட சுவருக்கும்: 1/500 நொடி (2 ஸ்டாப் குறைவு)
• பொதுக் காட்சிக்கு: 1/125 நொடி
• திண்ணைக்கும் நிழலுக்கும்: 1/30 நொடி (2 ஸ்டாப் கூடுதல்)

கதவு திறந்திருந்து வீட்டின் உட்பகுதியும் தெரிய வேண்டுமானால் ஐந்து படங்கள் எடுப்பது நல்லது. நிறச் சமநிலையைத் தானியங்கி முறையில் விடாமல் ‘பகல்’ என்று நிலையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் சுவரின் நிறம் மாறும்.

படங்களை இணைக்கும்போது அசையும் பொருள்களே தொல்லை தருகின்றன. காற்றில் ஆடும் தென்னங்கீற்று, கொடியில் காயும் துணி, தெருவில் போகும் இருசக்கர வண்டி ஆகியவை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் இருப்பதால் இணைத்த படத்தில் ஆவிபோல் இரட்டையாகத் தெரியும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஏதேனும் ஒரு படத்தைப் பயன்படுத்தினால் இக்குறை நீங்கும்.

இன்றைய நல்ல கேமராக்கள் ‘ரா’ கோப்பில் ஒரே சொடுக்கில் அகன்ற ஒளிவேறுபாட்டைப் பதிவு செய்கின்றன. மிதமான வெயிலில் அந்த ஒரு படமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் இருண்ட பகுதியைக் கணினியில் மிகுதியாக வெளிச்சமாக்கினால் புள்ளிக் குறைகள் வெளிப்படும். எனவே பிராக்கெட்டிங் ஒரு காப்பீடு போன்றது. தேவைப்படாவிட்டால் கூடுதல் படங்களை நீக்கிவிடலாம்.

பிளாஷின் எல்லை

பிளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 5 மீட்டரில் உள்ள சுவருக்குக் கிடைக்கும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் 15 மீட்டரில் உள்ள சுவருக்குக் கிடைக்கும். எனவே தெருவில் நின்று, கேமராவின் மேல் பொருத்திய சிறு பிளாஷால் வீட்டு முகப்பு முழுவதையும் நண்பகலில் ஒளியூட்ட இயலாது.

இதை எளிய கணக்கால் அறியலாம். ஒவ்வொரு பிளாஷுக்கும் ‘கைடு நம்பர்’ என்ற எண் உண்டு. அதைத் துளை எண்ணால் வகுத்தால் பிளாஷ் எட்டும் தூரம் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100இல் கைடு நம்பர் 40 மீட்டர் கொண்ட பிளாஷ், எஃப்/8இல் 5 மீட்டர் வரை எட்டும். முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, 1/200 நொடியில் எடுக்க எஃப்/11 தேவைப்படும். அப்போது பிளாஷ் எட்டும் தூரம் ஏறத்தாழ 3.6 மீட்டராகச் சுருங்கிவிடும். பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடியைவிட வேகமாக ஷட்டரை வைத்துப் பிளாஷை முழு ஆற்றலில் இயக்க முடியாது என்பதால் இந்த எல்லையைத் தாண்டுவது கடினம்.

ஆனால் இக்கணக்கில் வரும் தூரம் பிளாஷுக்கும் பொருளுக்கும் இடையே உள்ளது. கேமராவுக்கும் பொருளுக்கும் இடையே உள்ளது அன்று. ஆகவே கேமராவைத் தெருவில் வைத்துவிட்டு, பிளாஷை மட்டும் திண்ணை ஓரத்திலோ போர்டிகோத் தூணின் பின்னாலோ மறைத்து வைத்து ரேடியோ டிரிகரால் இயக்கலாம். 3 மீட்டர் தூரத்துக்குள் அந்தச் சிறு பிளாஷ் நண்பகலிலும் பயன்தரும்.

மற்றொரு விதியும் நினைவில் கொள்ளத்தக்கது. பிளாஷ் மின்னும் நேரம் மிகக் குறைவு என்பதால், மேற்கூறிய வேக எல்லைக்குள் ஷட்டர் வேகத்தை மாற்றினால் பிளாஷ் ஒளி மாறாது. வானமும் சூழலும் மட்டுமே மாறும். துளையையும் ஐ.எஸ்.ஓ.வையும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். ஆகவே பிளாஷுக்குத் துளை, வானத்துக்கு ஷட்டர் என்று பிரித்துக் கொண்டால் குழப்பம் குறையும்.

இரண்டையும் சேர்த்தல்

பிராக்கெட்டிங் தொடரின் ஒவ்வொரு படத்திலும் பிளாஷை எரியவிடுவது தவறான முறை. ஷட்டர் மட்டும் மாறும்போது பிளாஷ் பட்ட பகுதியின் ஒளி மாறாமலும் மற்றப் பகுதி மாறியும் பதிவாகும். இணைக்கும் மென்பொருள் இதனால் தடுமாறும். அடுத்தடுத்து விரைவாக எடுக்கும்போது பிளாஷ் மீண்டும் மின்னேற்றம் பெறவும் நேரம் இருக்காது. பின்வரும் வரிசை பயன்தரும்:

1. முக்காலியில் கேமராவைச் சாய்வின்றி நிறுத்த வேண்டும். கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்கள் பின்னோக்கிச் சாய்வதுபோல் தெரியும்.
2. குவியத்தைக் கையால் அமைத்துப் பூட்ட வேண்டும்.
3. பிளாஷ் இல்லாமல் 3 அல்லது 5 படங்கள் எடுக்க வேண்டும். 2 நொடி டைமர் வைத்தால் அதிர்வு தவிரும்.
4. கேமராவை அசைக்காமல், திண்ணை, போர்டிகோ, தோட்டம் என ஒவ்வொரு பகுதிக்கும் பிளாஷ் வைத்துத் தனித்தனிப் படம் எடுக்க வேண்டும்.
5. பிராக்கெட்டிங் படங்களை முதலில் இணைத்து, அதன்மேல் பிளாஷ் படங்களின் தேவையான பகுதிகளை மட்டும் சேர்க்க வேண்டும்.

கட்டணமில்லாத மென்பொருள்களில், படங்களை இணைக்க என்ஃபியூஸ், பகுதிகளைச் சேர்க்க கிம்ப் ஆகியன உதவும்.

சன்னல் கண்ணாடி, வழுவழுப்பான டைல்ஸ், கிரானைட் பலகை ஆகியவை பிளாஷை வெள்ளைப் பொட்டாகத் திருப்பிக் காட்டும். பிளாஷைப் பக்கவாட்டில் சாய்வாக வைத்தால் இது குறையும்.

அந்தி நேரம்

சூரியன் மறைந்தபின் வானம் ஆழ்ந்த நீலமாகும் சில நிமிடங்கள் வீட்டுப் படத்துக்கு ஏற்றவை. அப்போது வானத்தின் ஒளியும் வீட்டு விளக்குகளின் ஒளியும் ஏறத்தாழச் சமமாகின்றன. இந்த அகலாங்கில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி குறுகியது. சூரியன் மறைந்து 20 முதல் 25 நிமிடங்களுக்குள் இருட்டிவிடும். நவம்பரில் மாலை 5.45 அளவிலும் ஜூலையில் 6.40 அளவிலும் சூரியன் மறையும். முக்காலியை முன்பே நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிராக்கெட்டிங் தொடர் எடுத்து, சிறந்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

பகலில் தோற்ற பிளாஷ் இப்போது வலிமை பெறுகிறது. ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் முன்சொன்ன பிளாஷின் கைடு நம்பர் 80 ஆகும். எஃப்/8இல் 10 மீட்டர் எட்டும். பிளாஷ் ஒளி வெண்மையானது. வீட்டு மஞ்சள் விளக்குகள் 2700 முதல் 3000 கெல்வின் அளவிலானவை. பிளாஷின் முகப்பில் ஆரஞ்சு நிறத் தாள் பொருத்தினால் இரண்டும் ஒத்துப்போகும். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசல்கள் பிளாஷ் ஒளியில் வெள்ளைப் புள்ளிகளாகப் பதிவாகும். பிளாஷைக் கேமராவுக்கு அருகில் வைக்காதிருப்பது இதற்குத் தீர்வு.

கைப்பேசியில்

கைப்பேசியின் சிறு எல்.இ.டி. விளக்கு ஓரிரு மீட்டருக்கு மேல் பயன்தராது. வெளிப்புறப் படத்தில் அதை அணைத்துவிடலாம். எச்.டி.ஆர். வசதியை இயக்கி, கைப்பேசியை மதில்மேலோ முக்காலியிலோ ஊன்றி, திரையில் வெயில்பட்ட சுவரைத் தொட்டு ஒளியளவைப் பூட்டி எடுத்தால் வானம் வெளுக்காது.

உண்மையைக் காட்டுதல்

ஊரைவிட்டுச் சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலைபார்ப்பவர்கள் பலர், படங்களை நம்பியே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கின்றனர். அவர்களுக்கு ஒளியின் திசை வெறும் அழகுப் பொருளன்று. முகப்புக்கு நேராக அடிக்கும் பிளாஷ் சுவரின் மேடுபள்ளங்களின் நிழலை அழித்துவிடும். வெடிப்பும், பூச்சு உதிர்ந்த இடமும் மழைநீர் தேங்கியதால் வந்த உப்புப் பூத்தலும் அந்த ஒளியில் மங்கிவிடும். பக்கவாட்டு வெயிலில் அவை எடுப்பாகத் தெரியும். அளவுமீறிய எச்.டி.ஆர். சுவரின் உண்மை நிறத்தையே மாற்றிக் காட்டும். வெள்ளத்துக்குப் பழகிய கடலூர் மாவட்டத்தில், சுவரில் உள்ள நீர்க்கோட்டை மறைத்துக் காட்டும் படம் வாங்குபவரின் வாழ்நாள் சேமிப்பைப் பாதிக்கக்கூடும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை, மேம்பாடு) சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் செலுத்தி இழப்படைந்தவருக்குக் கட்டுமான நிறுவனத்தார் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. திட்டத்திலிருந்து விலக விரும்புபவர் முழுத் தொகையையும் வட்டியுடன் திரும்பப் பெறலாம். இப்பிரிவு மனை, அடுக்ககத் திட்டங்களை விற்போருக்கானது; ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது இது பொருந்தாது. ஆகவே அத்தகைய விற்பனையில் படத்தின் நேர்மை முழுவதும் எடுப்பவர் கையில் உள்ளது.

வானத்தின் ஒளியைச் சமன்செய்வது, திண்ணையை வெளிச்சமாக்குவது, சுவரின் சாய்வைத் திருத்துவது ஆகியவை கண் காண்பதைக் கேமராவுக்குக் கற்றுத் தருபவை. வாசலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தையோ மேலே செல்லும் மின்கம்பியையோ அழிப்பதும், வெடிப்பை மூடுவதும் இல்லாத வீட்டைக் காட்டுபவை. வாங்க விரும்புபவர் காலை, மாலை என இரு வேளைகளில் எடுத்த படங்களையும், இணைக்கப்படாத ஒரு நடுத்தர ஒளியளவுப் படத்தையும் கேட்டுப் பெறுவது நல்லது. முன்பணம் கொடுக்கும் முன் நேரில் பார்ப்பதற்கு இவை மாற்றாகா.